‘ரெட் ஹார்வெஸ்ட்’ துப்பறியும் நாவலா, தோற்றுப்போன வேலைநிறுத்தத்தின் கதையா? (பழைய அமெரிக்கக் குற்றப்புனைவில் அரசியல்)

செங்கல்சூளை

டாஷியல் ஹாமெட்டின் ‘ரெட் ஹார்வெஸ்ட்’டை மறுபடி படித்து முடித்த சூட்டில் எழுதுகிறேன். கதை முழுவதையும் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

1929-ல் புத்தகமாக வந்தது. அதற்கு முன் ‘பிளாக் மாஸ்க்’ இதழில் நான்கு பகுதிகளாக வெளியானது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் துப்பாக்கிச் சண்டையையும் வெட்டிப் போட்ட மாதிரி வசனத்தையும்தான் சொல்கிறார்கள். ஒரு வேலைநிறுத்தத்தை அடித்து ஒடுக்கிய பிறகு அந்த ஊர் என்ன கதிக்கு ஆளாகிறது என்பதைச் சொல்லும் நாவலாகத்தான் எனக்கு இது படுகிறது.

பெர்சன்வில் ஒரு சுரங்க ஊர். நாற்பதாயிரம் பேர், உருக்காலைப் புகை படிந்து எல்லாமே மஞ்சளும் கறுப்புமாகக் கிடக்கிறது. கடைசிவரை பெயர் சொல்லாத துப்பறியும் ஏஜென்சி ஆள் ரயிலை விட்டு இறங்கி நடக்கிறார். முதலில் பார்க்கும் போலீஸ்காரர் முகம் மழிக்கவில்லை. இரண்டாவது ஆளின் சீருடையில் இரண்டு பொத்தான் இல்லை. மூன்றாவது ஆள் நாற்சந்தியில் நின்று, வாயோரம் சுருட்டை வைத்துக்கொண்டே போக்குவரத்தைச் சரிசெய்கிறார். அதற்கப்புறம் இவர் போலீஸ்காரர்களைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறார். அந்த ஊரில் சட்டம் யார் கையில் இருக்கிறது என்று இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து பில் குவின்ட் வருகிறார். ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தீவிரத் தொழிற்சங்கத்துக்காரர். அவர் வாயால்தான் ஊரின் வரலாறு தெரிகிறது. கிழவர் எலிஹூ வில்சன்தான் ஊருக்கே சொந்தக்காரர். சுரங்கம் அவருடையது, வங்கி அவருடையது, காலைப் பத்திரிகையும் மாலைப் பத்திரிகையும் அவருடையது. 1921-ல் வேலைநிறுத்தம், எட்டு மாதம் நடக்கிறது. வில்சன் அடியாட்களை இறக்குகிறார், தேசியக் காவல்படையை வரவழைக்கிறார், ராணுவமும் வருகிறது. சங்கம் ஒழிந்தது. ஆனால் கூலிக்கு வந்த ரவுடிகள் திரும்பிப் போகவில்லை. ஊர் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சாராயம், சூதாட்டம், காவல்துறை என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது எல்லாம் வில்சன் சொல்லிச் செய்தது என்பதால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஆக, இந்த நாவலில் குற்றம் எங்கிருந்தோ ஊருக்குள் நுழைந்த நோய் கிடையாது. முதலாளி சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்தது. கடைசியில் துப்பறிவாளர் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அழித்துவிட்டு, ஊரை யாரிடம் ஒப்படைக்கிறார்? அதே வில்சனிடம். சுத்தமாக்கித் தந்துவிட்டேன், மறுபடி கெட்டுப்போகத் தயார் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். குற்றப்புனைவில் இதைவிடக் கூர்மையான அரசியல் வாக்கியம் எனக்குத் தெரியாது. உங்கள் கருத்து என்ன?

கடலோரக்காரன்

நல்ல தொடக்கம் நண்பரே. ஆனால் நீங்கள் சொல்லும் தொழிலாளர் நாவலில் தொழிலாளர்கள் எங்கே?

பில் குவின்ட் வருகிறார், வரலாறு சொல்கிறார், பிறகு கதையிலிருந்து ஒதுங்கிவிடுகிறார். சுரங்கத்தில் இறங்கும் ஒரு ஆளின் வீட்டுக்குள் நாம் போவதே இல்லை. நாற்பதாயிரம் பேர் கொண்ட ஊரில் நாம் நெருங்கிப் பார்ப்பது கும்பல் தலைவர்கள், காவல்துறைத் தலைவர், கிழவர், கும்பல்காரர்களோடு பழகும் டைனா பிராண்ட் என்ற பெண், இப்படிச் சிலரைத்தான்.

முதல் கொலையையும் பாருங்கள். கொல்லப்படுவது கிழவரின் மகன் டொனால்ட், ஊழலை எதிர்த்துப் பத்திரிகை நடத்துகிறவர். அரசியல் கொலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கொன்றது யார்? டைனாவின் மேல் இருந்த பொறாமையில் ஒரு இளம் வங்கி ஊழியர். அரசியலே இல்லை! இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு எப்படி வர்க்கப் போராட்ட நாவல் என்கிறீர்கள்? எனக்கு இது எல்லோரும் அழுகிப்போனவர்கள் என்று சொல்லும் நாவல். அது அரசியல் கிடையாது, கசப்பு.

செங்கல்சூளை

அந்த வங்கி ஊழியர் விஷயம் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

வழக்கமான துப்பறியும் கதையில் கொலையாளி அகப்பட்டதும் கதை முடியும். உலகம் பழைய ஒழுங்குக்குத் திரும்பும். இங்கே நாவலின் முதல் கால்பகுதியிலேயே டொனால்ட் வழக்கு தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஊரில் ஒரு துரும்பும் அசையவில்லை. காவல்துறைத் தலைவர் நூனன் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். புதிரை விடுவிப்பதால் எதுவும் ஆகாது என்று ஹாமெட் செய்தே காட்டுகிறார். அப்புறம்தான் உண்மையான கதை தொடங்குகிறது. கிழவர் அதற்குச் சற்று முன்புதான் பத்தாயிரம் டாலர் காசோலையை நீட்டி ஊரைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறார். பயம் தெளிந்ததும் வேண்டாம் என்று பின்வாங்குகிறார். இவர் விடவில்லை.

தொழிலாளர்கள் காணவில்லை என்கிறீர்கள். தோற்கடித்துவிட்டார்கள், அதனால்தான் காணவில்லை. அவர்கள் இருந்திருந்தால் அந்த ஊரில் வில்சனை எதிர்க்க வேறு ஒரு சக்தி இருந்திருக்கும், வெளியூரிலிருந்து ஒரு கூலித் துப்பறிவாளர் வந்திருக்கவே வேண்டாம்.

பழைய பேப்பர்

ஊர் எது என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே. பெர்சன்வில் கற்பனை ஊர். அதற்கு முன்மாதிரி மான்டானா மாநிலத்தின் பியூட் நகரம் என்று பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். தாமிரச் சுரங்க நகரம், அனகோண்டா நிறுவனத்தின் கோட்டை.

1917 ஜூனில் அங்கே ஸ்பெகுலேட்டர் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் இறந்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அமெரிக்கப் பாறைச் சுரங்க விபத்துகளில் அதிகம் பேர் செத்தது அதில்தான். உடனே வேலைநிறுத்தம் வெடித்தது. ஃபிராங்க் லிட்டில் என்ற ஐ.டபிள்யூ.டபிள்யூ. அமைப்பாளர் கால் முறிந்த நிலையில் ஊன்றுகோலோடு வந்து கூட்டங்களில் பேசினார். ஆகஸ்ட் 1-ம் தேதி விடிவதற்கு முன் முகமூடி போட்ட ஆட்கள் அவரை விடுதியிலிருந்து இழுத்துப்போய் ரயில் பாலத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். அந்தக் கொலைக்கு ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1920 ஏப்ரலில் அனகோண்டா சாலையில் மறியல் செய்த தொழிலாளர்கள் மேல் சுரங்கக் காவலர்கள் சுட்டதும் இதே ஊரில்தான்.

பத்திரிகைகள் விஷயத்தையும் ஹாமெட் ஊதிப் பெரிதாக்கவில்லை. மான்டானாவின் முக்கிய நாளிதழ்களில் பலவும் அனகோண்டா நிறுவனத்தின் கையில்தான் இருந்தன. 1959-ல்தான் விற்றார்கள். சுரங்கத்தில் ஆள் செத்தால் அந்தச் செய்தியை அச்சடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் சுரங்க முதலாளியே. வேலைநிறுத்தத்துக்கு அடுத்தபடியாக நாவலில் என்னை உறுத்துவது இதுதான். டொனால்ட் நேர்மையாகப் பத்திரிகை நடத்தியதும்கூட அப்பா கொடுத்த பத்திரிகையில்தான்.

ஹாமெட்டுக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட கதை கிடையாது. 1915-ல் பிங்கர்டன் ஏஜென்சியில் சேர்ந்தவர். நடுவில் ராணுவம், காசநோய் என்று இடைவெளிவிட்டு 1922 வரை அங்கே வேலை பார்த்தார். திருட்டைத் துப்பறிவதோடு நிற்காமல் வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் அனுப்புவதையும் தொழிலாக வைத்திருந்த நிறுவனம் அது. 1892-ல் ஹோம்ஸ்டெட் எஃகாலையில் தொழிலாளர்களோடு துப்பாக்கிச் சண்டை போட்டதும் பிங்கர்டன் ஆட்களே. ஃபிராங்க் லிட்டிலைக் கொல்ல ஹாமெட்டுக்கே ஐயாயிரம் டாலர் தருவதாகச் சொன்னார்கள், அவர் மறுத்தார், அதிலிருந்துதான் அவர் இடதுசாரி ஆனார் என்பார்கள்.

வழக்காடி

பழைய பேப்பர் சார், கடைசி வரியை மட்டும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த ஐயாயிரம் டாலர் கதை ஹாமெட்டின் நீண்டகாலத் துணைவியான நாடக ஆசிரியர் லிலியன் ஹெல்மன் எழுதிய நினைவுக்குறிப்பிலிருந்து வந்தது, ஹாமெட் தன்னிடம் சொன்னதாக. ஹாமெட் தானே எங்கும் எழுதிவைக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் பியூட்டில் இருந்தார் என்பதற்கும் சான்று கிடையாது. ஹெல்மனின் நினைவுக்குறிப்புகள் மேல் வேறு பல சந்தேகங்களும் உண்டு. அழகான கதை என்பதற்காகச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அவருடைய அரசியலுக்கு ஆவணச் சான்று வேண்டுமானால் 1951 வழக்கே போதும். தொழில்முறையில் என்னை மிகவும் ஈர்த்த வழக்கு இது.

கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேர் 1949-ல், அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்கத் தூண்டுவதைக் குற்றமாக்கிய ஸ்மித் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீடு நடக்கும்வரை வெளியே இருக்க ‘சிவில் ரைட்ஸ் காங்கிரஸ்’ என்ற அமைப்பின் ஜாமீன் நிதியிலிருந்து 260,000 டாலர் கட்டப்பட்டது. அந்த நிதிக்கு அறங்காவலர்களில் ஒருவர் ஹாமெட். 1951-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்ததும் நான்கு பேர் சரணடையாமல் தலைமறைவானார்கள். நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார் என்று நீதிமன்றம் கேட்டது, அவர்களில் யாராவது ஒளித்துவைத்திருக்கலாம் என்று. ஹாமெட் ஒரு பெயரையும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் இருப்பது தன் கையெழுத்தா என்ற கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்கு ஆறு மாதம் போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 57, நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கென்டக்கியில் ஆஷ்லாண்ட் சிறையில் இருந்துவிட்டு, நன்னடத்தைக் கழிவு போக டிசம்பரில் வெளியே வந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்மேல் வேறு குற்றச்சாட்டே கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக உள்ளே போனார். பெயரைச் சொல்லியிருந்தால் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவருடைய துப்பறிவாளர் சாம் ஸ்பேட் வாடிக்கையாளரின் பெயரைப் போலீஸிடம் சொல்ல மறுப்பவர், ஞாபகம் இருக்கிறதா? அதை அவர் வெறும் கதைச் சுவைக்காக எழுதவில்லை.

இரவுப்பணி

1953-ல், கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியின் குழு முன்னாலும் ஹாமெட் நின்றார். வெளிநாடுகளில் அமெரிக்க அரசு நடத்திய நூலகங்களில் இவருடைய நாவல்கள் இருந்ததுதான் பிரச்சினை. கம்யூனிசத்தை எதிர்க்கும் அரசு கம்யூனிஸ்டுகளின் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று மெக்கார்த்தி கேட்டதற்கு, நான் கம்யூனிசத்தை எதிர்த்துக்கொண்டிருந்தால் மக்களுக்கு எந்தப் புத்தகத்தையுமே கொடுக்கமாட்டேன் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். நூலகங்களிலிருந்து புத்தகங்களை எடுத்தார்கள். ஹாமெட் நாவல்களில் தனக்குத் தவறொன்றும் தெரியவில்லை என்று ஜனாதிபதி ஐசன்ஹோவர் சொன்ன பிறகு திரும்ப வைத்தார்கள்.

இரண்டு உலகப் போரிலும் சீருடை போட்ட மனிதர் இவர். இரண்டாம் போரில் 48 வயதில் தானாகப் போய்ச் சேர்ந்தார். அதனால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில்தான் அடக்கம்.

கடலோரக்காரன்

ஹாமெட்டின் துணிச்சலை நான் எங்கே மறுத்தேன்? எழுத்தாளர் ஜெயிலுக்குப் போனதால் நாவல் புரட்சிகரமாகிவிடாது. ‘ரெட் ஹார்வெஸ்ட்’ எழுதும்போது அவர் கட்சியிலும் இல்லை.

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள், அதனால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். தனியார் துப்பறிவாளர் என்ற இந்த வடிவமே இரு பக்கமும் வெட்டும். ‘பிளாக் மாஸ்க்’ 1923-ல் கூ கிளக்ஸ் கிளானுக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. ‘ஹார்ட்பாயில்ட்’ எனப்படும் கரடுமுரடான துப்பறிவாளர்களில் முன்னோடியான ரேஸ் வில்லியம்ஸ் முதன்முதலாகத் தோன்றியது அந்த இதழில்தான். அந்தக் கதை கிளானை எதிர்த்து எழுதப்பட்டது, சரி. ஆனால் ஒரு இனவெறிக் கும்பலைப் பற்றி இரு தரப்பும் பேசட்டும் என்று இதழ் நினைத்த காலம் அது.

அடுத்து மிக்கி ஸ்பில்லேன். ஹாமெட் சிறைக்குப் போன அதே 1951-ல் ‘ஒன் லோன்லி நைட்’ வந்தது. அவருடைய துப்பறிவாளன் மைக் ஹாமர் கம்யூனிஸ்டுகளை இயந்திரத் துப்பாக்கியால் கூட்டமாகச் சுட்டுத்தள்ளுகிறான், அதில் இன்பமும் அடைகிறான். ஹாமெட்டைவிட எத்தனையோ மடங்கு விற்றவர் ஸ்பில்லேன். சட்டம் வேலைக்காகாது, ஒரு ஆள் துப்பாக்கியோடு போய்ச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் பொது. பெர்சன்வில்லில் ஒரு வாரத்துக்குள் 16 கொலை என்று அந்த ஏஜென்சி ஆளே விரல்விட்டு எண்ணுகிறார். அங்கிருந்து மைக் ஹாமர் ரொம்ப தூரமா?

பொன்னி

ரொம்பவே தூரம். ஏஜென்சி ஆள் அந்த எண்ணிக்கையைச் சொல்வது தனக்கே பயம் வந்து. இந்த ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது, ரத்தம் எனக்குப் பழகிப்போய்விட்டது என்று டைனாவிடம் புலம்புகிறார். மறுநாள் காலையில் அவர் கையில் பனிக்கட்டி உடைக்கும் ஊசி, அது டைனாவின் மார்பில் இறங்கியிருக்கிறது. தான்தான் கொன்றோமா என்று அவருக்கே தெரியவில்லை. மைக் ஹாமருக்கு அப்படி ஒரு காலைப்பொழுது வந்ததுண்டா?

சரி, நான் வந்தது ரேமண்ட் சாண்ட்லரைப் பற்றிச் சொல்ல. அவரை அரசியல் இல்லாதவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தன் துப்பறிவாளர் மார்லோவுக்குச் சமூக மனசாட்சி கிடையாது, தனிமனித மனசாட்சிதான் உண்டு என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். எழுதினால் எழுதட்டும். ‘தி பிக் ஸ்லீப்’பில் ஸ்டெர்ன்வுட் மாளிகை எங்கே இருக்கிறது? குன்றின் மேல். கீழே பழைய எண்ணெய்க் கிணறுகள். அந்தக் கிணறுகள்தான் அவர்களைப் பணக்காரர் ஆக்கின. நாற்றம் எட்டாத உயரத்துக்குக் குடிபோய்விட்டார்கள், ஆனால் ஜன்னல் வழியே பார்த்தால் இன்னும் தெரியும். நாவல் முழுக்கத் தேடப்படும் மனிதனின் பிணம் கடைசியில் எங்கே இருந்தது என்று தெரிய வருகிறது? அந்த எண்ணெய்க் கழிவுக் குழியில்! 1932-ல் வேலை போகும்வரை சாண்ட்லர் எண்ணெய் நிறுவனத்தில் பெரிய அதிகாரி. அந்தக் குழிகளை அறிந்தவர்.

லாஸ் ஏஞ்சலஸ் போலீஸை அவர் கற்பனையில் கெடுக்கவுமில்லை. 1938 ஜனவரியில், நகர ஊழலைத் துருவிக்கொண்டிருந்த ஹாரி ரேமண்ட் என்ற நிஜத் தனியார் துப்பறிவாளரின் காரில் குண்டு வெடித்தது. பலத்த காயத்தோடு பிழைத்தார். வைத்தது யார் என்று பார்த்தால் காவல்துறை உளவுப் பிரிவின் கேப்டன்! அவர் தண்டிக்கப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் மேயர் ஃபிராங்க் ஷாவை வாக்காளர்களே வாக்களித்துத் திரும்ப அழைத்தார்கள். ‘தி பிக் ஸ்லீப்’ வந்தது 1939 பிப்ரவரியில்.

‘ஃபேர்வெல், மை லவ்லி’யின் தொடக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்ட்ரல் அவென்யூவில் ஒரு கறுப்பின மதுக்கடைக்காரர் கொல்லப்படுகிறார். விசாரிக்க வரும் அதிகாரி நல்டிக்கு ஒரே எரிச்சல். செத்தவர் கறுப்பர், பத்திரிகையில் படம் வராது, பெயர் கிடைக்காது. சாண்ட்லர் இதைத் தெளிவாகப் பார்த்து எழுதுகிறார். ஆனால் அந்தச் செத்த மனிதரை நாவலும் மறந்துபோகிறது. அது எனக்கு ஆறவே இல்லை.

இரவுப்பணி

பொன்னி அக்கா, நாவல் மறந்த அந்த ஆளின் பக்கத்திலிருந்து எழுதியவர் செஸ்டர் ஹைம்ஸ்.

ஆயுதக் கொள்ளைக்காக 19 வயதில் கைதாகி ஒஹாயோ சிறைக்குப் போனவர். 1930 ஈஸ்டர் திங்களன்று அந்தச் சிறையில் 322 கைதிகள் தீயில் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். உள்ளே இருந்தபடியே எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டார். 1936-ல் பரோல். 1950-களில் பாரீஸுக்குப் போனார். அங்கே காலிமார் பதிப்பகத்தின் ‘சேரி நுவார்’ வரிசையை நடத்திய மார்செல் துஹாமெல் சொல்லித்தான் துப்பறியும் நாவல் எழுதத் தொடங்கினார். 1958-ல் பிரான்ஸின் பெரிய குற்றப்புனைவு விருதும் வாங்கினார். சொந்த நாட்டில் அப்போது அவரைச் சீந்த ஆளில்லை.

‘காட்டன் கம்ஸ் டு ஹார்லம்’ (1965) எடுத்துக்கொள்ளுங்கள். டீக் ஓ’மாலி என்ற போலிப் பாதிரியார் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லி 87 குடும்பங்களிடம் ஆயிரம் ஆயிரம் டாலராக வசூலிக்கிறார். கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டும் என்று இயக்கம் நடத்திய மார்கஸ் கார்வியின் கப்பல் கம்பெனி நினைவு வராமல் போகாது. அந்தப் பணத்தை வெள்ளைக்காரர்கள் கொள்ளையடிக்க, அது ஒரு பஞ்சுப் பொதிக்குள் போய்விடுகிறது. இந்தப் பக்கம் கர்னல் கல்ஹூன் என்ற தென்மாநிலத்துக்காரர் ஹார்லத்தில் கடை திறந்து, பருத்திக்காட்டு வேலைக்குத் திரும்பி வாருங்கள், சுகமாக இருக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்! கறுப்பின மக்களுக்கு எதிரே விரிக்கப்பட்ட இரண்டு வலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்.

ஹைம்ஸின் துப்பறிவாளர்கள் காஃபின் எட், கிரேவ் டிக்கர் இருவரும் தனியார் கிடையாது, சம்பளம் வாங்கும் போலீஸ்காரர்கள். கறுப்பர்கள், வெள்ளையர் சட்டத்துக்கு வேலை செய்கிறவர்கள். சொந்த மக்களைத்தான் அடிக்கிறார்கள். மேலதிகாரி கண்டித்தால், இந்த வாடகை, இந்தப் பசி, இந்தச் சேரியை யார் உண்டாக்கியது என்று திருப்பிக் கேட்கிறார்கள். அப்புறம் திரும்பவும் தெருவுக்குப் போய் அடிக்கிறார்கள். கடைசியில் கர்னலைச் சட்டப்படி தண்டிக்க வழியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தப்பிக்கவிட்டு, விலையாக 87,000 டாலரை அவரிடமே கறந்து அந்தக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். அலபாமா அரசு அவரை ஒப்படைக்க மறுக்கிறது. கொல்லப்பட்டவர் கறுப்பர், எங்கள் சட்டப்படி அது கொலையாகாது என்று காரணம் சொல்கிறது.

வழக்காடி

அந்த அலபாமா பத்தியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். ஹைம்ஸ் அதைக் கேலியாக எழுதினார். ஆனால் அந்த மாநிலத்தில் அந்த ஆண்டுகளில் கறுப்பர்களைக் கொன்ற வெள்ளையர்களை முழு வெள்ளை ஜூரிகள் விடுவித்துக்கொண்டிருந்தார்கள் என்பது நீதிமன்றப் பதிவு.

பழைய பேப்பர்

‘தி கிளாஸ் கீ’யை (1931) யாரும் தொடவில்லையே. என் கணக்கில் ஹாமெட்டின் சுத்தமான அரசியல் நாவல் அதுதான். பால் மாட்விக் ஒரு நகரக் கட்சித் தலைவர், அவருக்குக் கட்டட ஒப்பந்த வியாபாரம். செனட்டர் ஹென்றியை மறுபடி ஜெயிக்கவைக்கக் காரணம் கொள்கை கிடையாது, அவர் மகளைக் கட்டிக்கொள்ள ஆசை. பத்திரிகை முதலாளி ஒருவர் கடனுக்கு அடமானம் வைத்த பத்திரிகையில், கடன் கொடுத்தவர்கள் சொல்வதை அச்சடிக்கிறார். கொலை செய்தது யார்? செனட்டரேதான், சொந்த மகனை. அப்போதும் அவர் கவலைப்படுவது தேர்தலைப் பற்றி.

கடலோரக்காரன்

சரி, குற்றத்தைக் கூட்டிவருவது ஊரின் சொந்தக்காரர்தான் என்று செங்கல்சூளை சொன்ன கணக்கு ‘தி கிளாஸ் கீ’யில் பொருந்துகிறது, ‘தி பிக் ஸ்லீப்’பிலும் பொருந்துகிறது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இவர்களில் யாராவது ஒரு வழி காட்டுகிறார்களா? வில்சனுக்கு ஊர் திரும்பக் கிடைக்கிறது. ஸ்டெர்ன்வுட் மகள்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. கர்னல் அலபாமாவில் சுகமாக இருக்கிறார். படிக்கிறவன் இனி எதுவும் மாறாது என்று மூடிவைத்துவிட்டால் அதனால் லாபம் யாருக்கு? முதலாளிக்குத்தானே?

பொன்னி

87 குடும்பத்துக்குப் பணம் திரும்பக் கிடைத்ததே, அது கணக்கில் வராதா?

செங்கல்சூளை

கடலோரக்காரன், வழி காட்டுவது நாவலின் வேலை என்று நான் நினைக்கவில்லை. 1929-ல் மான்டானாவில் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் கிடைக்காத செய்தி, கடையில் வாங்கிய ஒரு துப்பறியும் நாவலில் கிடைத்தது. ஊர் யாருடையது, அடியாட்களை யார் கூட்டிவந்தது, போலீஸ் யாருக்கு வேலை செய்கிறது, எல்லாம் அதில் இருந்தது. பில் குவின்ட் பேசும் அந்த ஒன்றிரண்டு பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து மறுபடி படியுங்கள், பிறகு பேசுவோம்.

பழைய பேப்பர் சொன்னபடி அடுத்து ‘தி கிளாஸ் கீ’க்குத் தனி இழை தொடங்குகிறேன். வழக்காடி சார், அதில் வரும் மாவட்ட வழக்கறிஞர் ஃபாரைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும்.